மிட்டாய்க்குப் பெயர் உண்டு, உளுந்துக்கு இல்லை

2020ஆம் ஆண்டு ஏப்ரலில் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அருப்புக்கோட்டை வட்டாரத்து நிலக்கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் ஆகிய மூன்றும் அந்த மிட்டாயின் தனிச்சுவைக்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஊர் கொண்டாடிய செய்தி அது. கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் அந்த மூன்றையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். வெல்லம் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து லாரியில் வருகிறது. தண்ணீர் மேற்கு மலையில் பிறந்த ஆற்றிலிருந்து குழாயில் வருகிறது. கடலையும் கோவில்பட்டியைச் சுற்றிக் கிடக்கும் கனத்த கரிசலின் முதன்மைப் பயிர் அல்ல. பூத்த பிறகு விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிற பயிருக்கு இளகிய மண் வேண்டும். காய்ந்தால் கல்லாய் இறுகுகிற கரிசலில் கடலைச் செடியைப் பிடுங்கினால் தண்டு கையோடு வரும், காய் உள்ளேயே நின்றுவிடும். ஆக, இந்த ஊர் உலகறிய விற்கும் பண்டத்தில் இந்த ஊருக்கே உரியவை பாகுப் பதம் அறிந்த கையும், 1940களில் பலசரக்குக் கடைகளில் தொடங்கி வளர்ந்த வியாபாரத் திறமையும். அதே நேரத்தில் இந்த மண் தருகிற உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும் வத்தலும் கொத்தமல்லியும் அவுரியும் சாக்கில் தைக்கப்பட்டு, எந்த ஊர்ச் சரக்கு என்ற அடையாளம் இல்லாமல் லாரி ஏறிப் போகின்றன. கரிசல் நகரத்தின் பொருளாதாரத்தை விளங்கிக்கொள்ள இந்த முரணைவிடச் சரியான நுழைவாயில் இல்லை.

கோவில்பட்டியைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை வேறு. மழை பொய்க்கிற பூமி, விவசாயம் கைகொடுக்கவில்லை, அதனால் தீப்பெட்டியும் அச்சும் பஞ்சாலையும் வந்து ஊரைக் காப்பாற்றின என்பது அந்தக் கதை. இதில் பாதி உண்மை. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள்; அது சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று பரவியது. குச்சியும் மருந்தும் காய்வதற்கு இந்த வறண்ட வெயில் ஒரு மூலதனம். வருடத்தில் பாதிக்கு மேல் வேலையில்லாமல் இருந்த மானாவாரிக் குடும்பங்களின் கைகள் இன்னொரு மூலதனம். ஆனால் விவசாயம் தோற்ற இடத்தில் தொழில் முளைத்தது என்று சொன்னால், தீப்பெட்டிக்கு முன்னால் இங்கே சந்தையையும் ஆலையையும் கொண்டுவந்தது எது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகும். அதைக் கொண்டுவந்தது பருத்தி. இங்கே நான் முன்வைக்கும் வாதம் இதுதான்: இந்த வட்டாரத்தில் வேளாண் வணிகம் எப்போதும் இருந்திருக்கிறது, இப்போதும் நிறையவே இருக்கிறது. ஆனால் அது விவசாயிக்கு விற்பதையும் விவசாயியிடம் வாங்குவதையும் செய்கிறதே தவிர, விளைந்ததைப் பக்குவம் செய்து மதிப்புக் கூட்டும் வேலையை இந்த மண்ணை விட்டுப் போகவிட்டது. கரிசல் விவசாயியின் வருமானம் தேங்கியதற்கு மழையைக் காட்டிலும் இதற்கு அதிகப் பொறுப்பு உண்டு.

பருத்தியின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரையிலான ஆண்டுகளில் இங்கிலாந்து ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்காமல் போனபோது இந்தியப் பருத்திக்கு வந்த கிராக்கி, கரிசல் காட்டையும் தொட்டது. மதுரையிலிருந்து மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு 1876இல் ரயில் ஓடத் தொடங்கியது. கோவில்பட்டி அந்தத் தடத்தில் ஒரு நிலையம். துறைமுகம் அறுபது கிலோமீட்டர்; வண்டிப் பாரத்தை இறக்கி ரயிலில் ஏற்றினால் போதும். பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஹார்வி சகோதரர்களின் ஆலைகள் 1880களிலும் 1890களிலும் எழுந்தன. கோவில்பட்டியிலும் பின்னர் நூற்பாலைகள் வந்தன. இவற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் லிவர்பூல் சந்தையில் இந்தப் பஞ்சுக்குத் திருநெல்வேலிப் பருத்தி என்றே பெயர். வாங்குகிறவன் ஊர்ப் பெயரைச் சொல்லி விலை பேசினான். அந்தப் பெயரைக் கெடுத்ததும் வியாபாரம்தான்: புளிச்சை என்ற மட்டமான ரகத்தை நல்ல பஞ்சோடு கலந்தார்கள், சரக்கின் மதிப்பு சரிந்தது. கருங்கண்ணி ரகத்தைச் சுத்தமான விதையாகத் தேர்ந்து விவசாயிக்குக் கொடுக்கும் வேலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவிரமாக நடந்ததற்கு இதுவே பின்னணி. கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கப்பட்டது. மானாவாரிக்கென்று நாட்டில் எழுந்த மிகப் பழைய நிலையங்களில் அது ஒன்று. ஊர்ப் பெயருக்குச் சந்தையில் ஒரு விலை இருந்தது என்பதையும், அதைக் காக்க ஒழுங்கும் அறிவும் தேவைப்பட்டன என்பதையும் நூறு வருடத்துக்கு முன்பே இந்த வட்டாரம் கண்டிருக்கிறது.

பருத்தி இன்னொன்றையும் செய்தது. அரவை மில்லில் நூறு கிலோ பருத்தி போட்டால் மூன்றில் ஒரு பங்கு பஞ்சு, மீதி பெரும்பாலும் கொட்டை. பஞ்சு தூத்துக்குடிக்கோ ஆலைக்கோ போனாலும், கொட்டை உள்ளூரில் தங்கியது. அது மாட்டுக்குத் தீவனம். மாடு உழவுக்கும் எருவுக்கும் பாலுக்கும். விளைந்ததின் பாதிக்கு மேல் ஊருக்குள்ளேயே சுழன்றது. இன்று பருத்தியின் இடத்தைப் பெருமளவு பிடித்திருக்கும் மக்காச்சோளத்தில் இந்தச் சுழற்சி கிடையாது. கதிரடித்த மணி அத்தனையும் நாமக்கல், பல்லடம் கோழித் தீவன ஆலைகளுக்குப் போகிறது. அண்மை ஆண்டுகளில் எத்தனால் ஆலைகளின் கிராக்கியும் சேர்ந்திருக்கிறது. விவசாயி ஏன் மாறினார்? பருத்தி எடுக்க ஐந்தாறு தடவை ஆள் வேண்டும். களை எடுக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், தீப்பெட்டி ஆலை வேனில் ஏறிப் போய்விட்டார்கள். மழையில்லாத நாளிலும் கூலி தருகிற வேலையை விட்டுவிட்டுக் காட்டு வேலைக்கு வா என்று யாரும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆக, விவசாயத்துக்கு மாற்று என்று சொல்லப்படும் தீப்பெட்டிதான் ஒரு வகையில் காட்டில் எதை விதைப்பது என்பதையும் தீர்மானித்தது. ஆள் வேலை குறைந்த பயிர், அதற்கு வருடா வருடம் காசு கொடுத்து வாங்கும் வீரிய விதை, களைக்கொல்லி, 2018இல் படைப்புழு வந்து சேர்ந்த பிறகு அதற்கும் மருந்து. கூலியாக ஊருக்குள் இருந்த செலவு, பாக்கெட்டும் பாட்டிலுமாக வெளியூர்க் கம்பெனிகளுக்குப் போகத் தொடங்கியது. விதை, உரம், மருந்துக் கடைகள் பெருகியதை வேளாண் வணிகத்தின் வளர்ச்சி என்று கணக்கெழுதலாம். அந்தக் கணக்கு தப்பில்லை. யாருடைய கணக்கு என்பதுதான் கேள்வி.

கரிசலின் காலண்டரைப் பார்த்தால் இந்த வணிகத்தின் வலு எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆண்டு மழை எழுநூறு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும்; அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். மழை விழுந்த பிறகு கரிசலில் கால் வைக்க முடியாது, சேறு அப்பிக்கொள்ளும். அதனால் புரட்டாசியிலேயே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பது இங்கே முறை. முன்பருவ விதைப்பு என்று அதற்கு வாரக் கணக்குப் போட்டு முறைப்படுத்தியதும் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம்தான். ஒட்டுமொத்தச் சீமையும் ஏறக்குறைய ஒரே வாரங்களில் விதைக்கும். ஒட்டுமொத்தச் சீமைக்கும் ஒரே நேரத்தில் பணம் வேண்டும். பட்டா தாத்தா பெயரில் கிடக்கும், காடு குத்தகையாக இருக்கும்; வங்கிக்குப் போக முடியாது. கமிஷன் கடைக்குப் போனால் பேச்சிலேயே முன்பணம் கிடைக்கும். எழுபது நாளில் உளுந்து விளைந்து தையில் களத்துக்கு வரும்போது, மறுபடி எல்லோரும் ஒரே வாரங்களில் விற்பார்கள். சரக்கு யாரிடம் போக வேண்டும் என்பது புரட்டாசியிலேயே முடிவாகிவிட்டது. களம் போதாமல் கிராமச் சாலையில் கொட்டிக் காயப்போட்டு, ஈரம் சரியாக இறங்காமலேயே மூட்டை பிடிப்பார்கள். கடையில் கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, ஊதி, பல்லில் கடித்துப் பார்த்து, ஈரத்துக்கு இவ்வளவு, கல் மண்ணுக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். 2025-26க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை உளுந்துக்குக் குவிண்டால் 7,800 ரூபாய், மக்காச்சோளத்துக்கு 2,400 ரூபாய். சாலையில் காய்ந்த மூட்டைக்கு அந்த எண்கள் ஒரு செய்தி மட்டுமே.

அந்த உளுந்து அடுத்து எங்கே போகிறது? பெரும்பாலும் வடக்கே ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் விருதுநகருக்கு. தமிழ் நாளிதழ்களில் விருதுநகர் மார்க்கெட் விலை என்று ஒரு பத்தி வெகுகாலமாக வருகிறது. உளுந்து, துவரை, வத்தல், மல்லி, எண்ணெய் எல்லாவற்றுக்கும் தென்னாட்டில் விலை சொல்வது அந்த ஊர். அங்கே மில்லில் உளுந்தைச் சலித்து, எண்ணெய் தடவி, காயவைத்து, தோல் நீக்கி உடைக்கிறார்கள். நூறு கிலோ உளுந்தில் எழுபது முதல் எழுபத்தைந்து கிலோ பருப்பு தேறும். தோலும் பொட்டும் குருணையும் மாட்டுத் தீவனமாக விற்பனையாகும். அதாவது கழிவுக்கும் விலை உண்டு. அந்த விலை உளுந்து விளைந்த ஊரின் மாட்டுக்காரனிடம் தீவன மூட்டையாகத் திரும்பி வந்து வசூலாகிறது. விருதுநகரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கரிசலின் விளைச்சலை நம்பி மட்டும் அந்த ஊர் வளரவில்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

ஏனெனில் இந்த வாதத்துக்கு எதிராக முதலில் வரும் தடை மழைதான். மூன்று வருடத்தில் ஒரு வருடம் பொய்க்கிற பூமியில், விளைச்சலை நம்பிப் பருப்பு மில் போட்டால் யந்திரம் துருப்பிடிக்காதா என்று கேட்பார்கள். பெய்தாலும் கெடும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை, தூத்துக்குடி மாவட்டம் முழுக்கப் பயிரை மூழ்கடித்தது. கேள்வி நியாயமானது. பதிலை விருதுநகரே தந்திருக்கிறது. உள்ளூர் உளுந்து குறைந்தால் மியான்மர் உளுந்து தூத்துக்குடியில் இறங்கி மில்லுக்கு வரும். 2021இல் இந்தியா மியான்மரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து இறக்குமதிக்கு வழி செய்யப்பட்டது. விளைச்சலில் இருக்கும் நிச்சயமின்மையைத் துறைமுகம் ஈடுகட்டுகிறது. அந்தத் துறைமுகம் விருதுநகரைவிடக் கோவில்பட்டிக்குக் கிட்டத்தில் இருக்கிறது. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லலாம்: வெளியூர் வெல்லத்தை வைத்து எண்பது வருடமாகக் கடலை மிட்டாய்த் தொழில் நடத்திக் காட்டிய ஊர், மூலப்பொருள் உள்ளூரில் விளையாத வருடத்தில் தொழில் நடத்த முடியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? இறக்குமதி உள்ளூர் விவசாயியின் விலையை அடிக்காதா என்று ஒரு கிளைக்கேள்வி வரும். அடிக்கும். ஆனால் இப்போதும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. 2023 டிசம்பரில் மஞ்சள் பட்டாணிக்கு வரி நீக்கியதும் பருப்பு விலைகள் எல்லாம் அதன் அழுத்தத்தைத் தாங்கின. மில் இல்லாத விவசாயிக்கு அந்த அடி முழுதாக விழுகிறது. பருப்பாக விற்பவருக்குத் தாங்கிக்கொள்ள ஓர் ஓரம் கிடைக்கும்.

அந்த மஞ்சள் பட்டாணியில் கணிசமான பங்கு கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்துச் சரக்கு. அங்கும் கருமண் வட்டாரம் உண்டு. சஸ்கட்டூன் நகரத்தைச் சுற்றிப் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்கு 350 மில்லிமீட்டர் அளவுதான், நமக்குப் பெய்வதில் பாதி. குளிர் தேசத்தில் ஈரம் மெல்லத்தான் ஆவியாகும், ஒவ்வொருவரிடமும் நூற்றுக்கணக்கான ஏக்கர் இருக்கும் என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஒப்பிட வேண்டியது மண்ணையோ மழையையோ அல்ல, ஏற்பாட்டை. அங்கே 1971இல் பல்கலைக்கழகத்தில் பயிர் மேம்பாட்டு மையம் தொடங்கினார்கள். 1978இல் அல் ஸ்லிங்கார்டு உருவாக்கிய லெயர்டு என்ற மைசூர்ப் பருப்பு ரகம் வெளிவந்தது. 1980களில் பருப்பு விவசாயிகள் தங்கள் விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாங்களே வரியாக விதித்துக்கொண்டு ஆராய்ச்சிக்கும் சந்தைக்கும் செலவிட்டார்கள். பருப்பைப் பெரிதாகச் சாப்பிடாத ஒரு ஜனம், பருப்புத் தின்னும் தேசங்களுக்கு விற்பனையாளராக மாறியது. கோவில்பட்டி நிலையம் அந்த மையத்துக்கு எழுபது வயது மூத்தது. கே.11 பருத்தி, கே.12 சோளம், கே.1 வத்தல் என்று அது தந்த ரகங்கள் பல. விதைக் கடினப்படுத்தலும் முன்பருவ விதைப்பும் அதன் கொடை. ஆனால் அந்தச் சாதனைகள் பெரும்பாலும் விதையில் தொடங்கி அறுவடையோடு நின்றுவிடுகின்றன. களத்துக்கு வந்த பிறகு தானியம் எப்படிக் காய வேண்டும், எங்கே தங்க வேண்டும், என்ன பெயரில் விற்க வேண்டும் என்பது யாருடைய பொறுப்பிலும் இல்லை.

விவசாயிகள் சேர்ந்து நடத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று இதிலிருந்து முடிவுக்கு வருபவர்களுக்கும் கனடாவிலேயே எச்சரிக்கை இருக்கிறது. 1924இல் விவசாயிகளே சேர்ந்து தொடங்கிய சஸ்காச்சுவான் கோதுமைக் கூட்டுறவு, 1996இல் பங்குச் சந்தைக்குப் போனது, 2007இல் விட்டெர்ரா என்று பெயர் மாறியது, 2012இல் கிளென்கோர் என்ற பன்னாட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. நம் பக்கத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பல, உரம் வாங்கி விற்கும் இன்னொரு கடையாக முடிந்துவிடுகின்றன. காரணம் புரிந்துகொள்ளக் கூடியது: உரம் விற்றால் மறுநாள் காசு, உளுந்தைக் காயவைத்து மூன்று மாதம் வைத்திருந்து விற்றால் அந்த மூன்று மாதமும் முதல் முடங்கும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் சரக்கை வைத்து அதன் மதிப்பில் முக்கால் பங்கு வரை பொருளீட்டுக் கடன் பெறும் வசதி இதற்காகத்தான் இருக்கிறது. சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது 1933இல். அதன்கீழ் முதல் சந்தை 1936இல் திருப்பூரில், அதுவும் பருத்திக்காக. கோவில்பட்டியிலும் விற்பனைக்கூடம் உண்டு. ஆனால் பத்து மூட்டை உளுந்துக்காரர் முன்பணக் கடனைத் தீர்க்காமல் அங்கே எப்படிச் சரக்கைக் கொண்டுபோவார்? கமிஷன் கடையை வில்லனாக்கி எழுதுவது எளிது; புரட்டாசியில் பேப்பர் கேட்காமல் பணம் தருகிற ஒரே இடம் அது என்பதை மறந்துவிட்டு எழுதினால் மட்டுமே எளிது. அந்தக் கடனுக்கு மாற்று வைக்காத எந்தத் திட்டமும் தையில் தோற்கும். வேண்டியது விதைக்கும்போதே தரும் கடனும், விளைந்ததை ஏற்கும் உலர்களமும் கிட்டங்கியும் ஒரே கையில் இருப்பது. அந்தக் கை கூட்டுறவாகவும் இருக்கலாம், விற்பனைக்கூடமாகவும் இருக்கலாம், துணிந்தால் கமிஷன் கடைக்காரர்களே சேர்ந்து போடும் மில்லாகவும் இருக்கலாம்.

பெரிய கம்பெனியை அழைத்தால் இதெல்லாம் தானாக வரும் என்பது இன்னொரு கட்சி. ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தமிழ்நாடு 2019இல் தனிச் சட்டமே இயற்றியது. பல்லடத்துக் கறிக்கோழியில் ஒப்பந்தம் நன்றாகவே ஓடியிருக்கிறது. ஆனால் கோழிக் கொட்டகையில் தீவனமும் தண்ணீரும் காலநிலையும் கைக்கு அடங்கும். மானாவாரியில் மழை யாருடைய ஒப்பந்தத்துக்கும் கட்டுப்படாது. பொய்த்த வருடம் கம்பெனி ஒதுங்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் இழப்பு விவசாயியின் கணக்கில் ஏறும். திருநெல்வேலி அவுரி இதற்கு நல்ல பாடம். வறண்ட மண்ணில் வளரும் இந்த மருந்துச் செடி பிரிட்டிஷ் மருந்து நூல்களிலேயே திருநெல்வேலிப் பெயரோடு இடம்பெற்றது; இன்றும் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறுகிறது. உலகச் சந்தையில் பெயர் இருந்தும், இலையாகவும் காயாகவும் காய்ந்த சரக்காகவே பெருமளவு போவதால், பெயரின் பலன் காட்டுக்காரர் கைக்கு வந்து சேரவில்லை. பெயர் மட்டும் போதாது, கூடவே பக்குவமும் வேண்டும் என்பதைக் கடலை மிட்டாயும் அவுரியும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து சொல்கின்றன.

அரசியலும் இந்த விஷயத்தில் காட்டுக்காரருக்குப் பெரிதாக உதவவில்லை. தமிழக விவசாயிகள் சங்கத்தைக் கட்டி எழுப்பிய நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் மறைந்தது கோவில்பட்டியில்தான். அவர் காலத்துப் போராட்டங்கள் பம்புசெட் மின்கட்டணத்தையும் கடனையும் சுற்றி நடந்தன. கிணற்றுத் தண்ணீரே உவர்ப்பாக இருக்கும் கரிசலில் பம்புசெட் குறைவு. அந்த வெற்றிகளில் இங்கே வந்து சேர்ந்தது கொஞ்சம். பிறகு கேட்கப்பட்டவை நிவாரணம், பயிர்க் காப்பீடு, படைப்புழுவுக்கு இழப்பீடு. கெட்டுப்போன வருடத்துக்குப் பணம் கேட்கப் பழகியிருக்கிறோம். நன்றாக விளைந்த வருடத்தில் விளைச்சல் என்ன ஆகிறது என்று கேட்க இன்னும் பழகவில்லை. இடைசெவல் என்ற சின்னக் கிராமத்திலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் எழுதி, கரிசல் என்ற சொல்லுக்கு இலக்கியச் சந்தையில் ஒரு மதிப்பை உண்டாக்கினார்கள். பருப்புச் சந்தையில் அந்தச் சொல்லை ஒரு பையின் மேல் அச்சடித்து விற்க இன்னும் யாரும் துணியவில்லை. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு வந்தது. பக்கத்துச் சீமை செய்ததை இந்தச் சீமை செய்ய முடியாதென்று சொல்ல ஒரு காரணமும் தெரியவில்லை.

தேவைப்படுவது பெரிய முதலீடு அல்ல. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டங்களில் தைக்கு முன்னால் சில உலர்களங்களும், தானியத்தைக் காயவைக்கும் யந்திரங்களும், விற்பனைக்கூடத்தை ஒட்டி ஒரு பருப்பு மில்லும். நகராட்சியும் வேளாண் விற்பனைத் துறையும் வியாபாரிகள் சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இரண்டு பருவத்தில் முடிகிற வேலை இது. அதுவரை, கழுகுமலைப் பக்கத்துக் காட்டில் விளைந்த உளுந்து வடக்கே போய் வெள்ளைப் பருப்பாகி, வேறு ஊர்ப் பெயர் அச்சிட்ட பாக்கெட்டில் கோவில்பட்டிக் கடைக்குத் திரும்பி வரும். கடலை மிட்டாய் அடுக்கிய அதே அலமாரியின் கீழ்த்தட்டில்தான் அதை வைத்து விற்பார்கள்.